செம்மறிக் குட்டிக்குத் தாது உப்பு: எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் வட்டாரத் தோட்டங்களில் ஆடு வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் பரண் கொட்டகை கட்டி, வேலை முடிந்து வரும்போது ஒரு கட்டுப் புல் அறுத்து வந்து போட்டு, ஆடி மாதப் படையலுக்கும் தீபாவளிக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கிடாய் விற்ற குடும்பங்கள் ஏராளம். அவை பெரும்பாலும் வெள்ளாடுகள். செம்பனை மரங்களுக்கு அடியில் மேய்வதற்கு ஏற்றவை என்பதால் டோர்பர், பார்படோஸ் பிளாக்பெல்லி போன்ற இனங்களின் கலப்புச் செம்மறிகளையும் இப்போது பலர் வாங்குகின்றனர். வெள்ளாட்டுக்குப் பழகிய அதே தீவனத்தையும், கடையில் கிடைக்கும் அதே உப்புக்கட்டியையும் செம்மறிக்கும் கொடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

தாது உப்பு என்றால் சத்து, சத்து என்றால் கூடக் கொடுத்தால் கூட வளரும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குறைபாடு இருக்கும் குட்டிக்குத் தாது உப்பு கொடுத்தால் வளர்ச்சியில் பளிச்சென்று வேறுபாடு தெரியும். குறைபாடு இல்லாத குட்டிக்கு அதையே கூட்டிக் கொடுத்தால் பணம் வீணாகும், சில தாதுக்களில் உயிரே போகும். ஆகவே எந்தக் கலவையை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், தொட்டியில் இப்போது விழும் தீவனத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொட்டியில் இருப்பது என்ன

நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் அடர்தீவனம் செம்பனைப் பருப்புப் புண்ணாக்குதான். எல்லாரும் பி.கே.சி. என்றே சொல்கிறோம். அதில் புரதம் ஏறக்குறைய 14 முதல் 18 விழுக்காடு வரை இருக்கிறது; மாட்டுக்கு அது அருமையான தீவனம். ஆனால் அதில் ஒரு கிலோவுக்குத் தோராயமாக 20 முதல் 30 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கிறது. வளரும் செம்மறிக் குட்டிக்கு மொத்தத் தீவனத்தில் கிலோவுக்கு 7 முதல் 11 மில்லிகிராம் தாமிரம் போதும். நெடுநாள் தொடர்ந்து 15 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. வீட்டு விலங்குகளிலேயே தாமிரத்தை மிகக் குறைவாகத் தாங்குவது செம்மறிதான். வெள்ளாடும் மாடும் தாங்கிக்கொள்ளும் அளவை அது தாங்காது.

பி.கே.சி.யில் இன்னொரு கோணலும் உண்டு. அதில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. அரிசித் தவிட்டில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் மோசம். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். இந்த விகிதம் தலைகீழானால் எலும்பு வளர்ச்சி கெடுவதோடு, கிடாய்க் குட்டிகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும்.

புல்லின் நிலைமை வேறு. நேப்பியர் புல்லில் இயல்பாகவே சோடியம் மிகக் குறைவு. பொட்டாஷ் உரம் போட்டு வளர்த்தால் அது மேலும் குறையும், மக்னீசியமும் குறையும். மழையால் தாதுக்கள் அரித்துச் செல்லப்பட்ட நம் புளிப்பு மண்ணில், செம்பனைக்கு அடியில் நிழலில் வளரும் புல்லையும் களையையும் மட்டும் நம்பி வளரும் குட்டிக்கு உப்பின் குறை எப்போதும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம். கொட்டகைக் கம்பத்தை நக்குவது, மண்ணைத் தின்பது, வியர்த்த சட்டையை மெல்லுவது ஆகியவை அந்தக் குறையின் அடையாளங்கள். அந்தக் கட்டத்தில் சாதாரண உப்பு ஒன்றே பசியைத் தூண்டித் தீவனம் எடுக்க வைத்து எடையைக் கூட்டும். செலவு மிகக் குறைந்த மருந்து அது.

தாமிரத்தைப் பற்றி விரிவாக

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே தாமிரம்தான். அதன் நஞ்சு ஒரே நாளில் தெரிவதில்லை. உண்டியலில் சில்லறை சேர்வதுபோல, கூடுதல் தாமிரம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவ்வளவு காலமும் குட்டி நன்றாகத் தின்னும், எடை போடும், வளர்ப்பவருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். பிறகு ஒரு நாள் லாரிப் பயணமோ, தீவன மாற்றமோ, அடைமழையோ, நாய் துரத்தியதோ ஏதோ ஓர் அதிர்ச்சியில் ஈரலில் சேர்ந்த தாமிரம் மொத்தமாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். குட்டி தலையைத் தொங்கப்போட்டு ஒதுங்கி நிற்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியும் ஈறும் மஞ்சளாகும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வரும். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் இறந்துவிடும். அறுத்துப் பார்த்தால் உடல் முழுவதும் மஞ்சள் பாய்ந்திருக்கும், சிறுநீரகம் நீலம் கலந்த கருமையில் இருக்கும். அந்தக் கறி விற்பனைக்கு உதவாது. பெருநாளுக்காக வளர்த்த குட்டி பெருநாளுக்கு முந்திய வாரம் ஏற்றிச் செல்லும்போது விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை வளர்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மஞ்சள் கண்ணைக் கண்டவுடன் தாமிரம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சிக்னல் புல் அதிகம் மேய்ந்த செம்மறிக்கும் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும். அதில் வெயில் பட்டதும் காதும் முகமும் வீங்கித் தோல் வெடிப்பது முக்கிய அடையாளம். இரண்டும் சேர்ந்தும் வரலாம், ஏனெனில் கெட்ட ஈரல் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் மேலும் தேக்கிக்கொள்ளும். எதுவாயினும் உடனே பி.கே.சி.யை நிறுத்தி, குட்டியை நிழலில் வைத்து, மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தை அழைக்க வேண்டும். குளுவாங்கிலேயே கால்நடை ஆய்வு நிறுவனம் இருப்பது இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்வாய்ப்பு. இறந்த ஆட்டின் ஈரல், சிறுநீரகத் துண்டுகளைச் சோதித்தால் காரணம் தெளிவாகத் தெரிந்து, மீதி மந்தையைக் காப்பாற்ற முடியும்.

தாமிரத்தை உடல் ஏற்காமல் தடுப்பவை மாலிப்டினமும் கந்தகமும் துத்தநாகமும் ஆகும். பி.கே.சி. தின்னும் செம்மறிகளுக்குத் துத்தநாகம் சேர்த்தும், அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்ஃபேட்டும் சேர்த்தும் இந்த நஞ்சைக் குறைக்கும் வழியை மலேசிய ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கின்றனர். ஆனால் மாலிப்டேட்டைக் கால்நடை மருத்துவர் அளந்து சொல்லாமல் நாமே வாங்கிக் கலக்கக் கூடாது. கந்தகமும் மிகுந்தால் மூளையைத் தாக்கிக் குட்டியைக் குருடாக்கிவிடும். செம்மறி வளர்ப்பவர் தம் கையாலேயே செய்யக்கூடிய முதன்மையான பாதுகாப்பு இதுதான்: பி.கே.சி. மொத்தத் தீவனத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

தீவனத்தில் மட்டுமல்ல, வேறு வழிகளிலும் தாமிரம் நுழையும். கோழி எச்சத்தைத் தீவனத்தில் கலப்பது, பன்றித் தீவனத்தில் மிஞ்சியதைப் போடுவது, குளம்பு அழுகலுக்கு மயில்துத்தக் (தாமிர சல்ஃபேட்) கரைசலில் கால் நனைப்பது, பீட் மண் தோட்டங்களில் செம்பனைக்குத் தாமிர உரம் போட்ட உடனே அந்த வரிசையில் மேயவிடுவது ஆகிய எல்லாமே ஈரலில் போய்த்தான் சேரும். குளம்புக்கு 10 விழுக்காடு துத்தநாக சல்ஃபேட் கரைசல் நன்றாக வேலை செய்கிறது. மயில்துத்தம் தேவையே இல்லை.

கலவையை எப்படிக் கணக்கிடுவது

100 கிலோ அடர்தீவனம் கலப்பதாக வைத்துக்கொள்வோம். உடைத்த மக்காச்சோளம் 45 கிலோ, பி.கே.சி. 30 கிலோ, சோயாப் புண்ணாக்கு 15 கிலோ, அரிசித் தவிடு 10 கிலோ. வழக்கமான சத்து அட்டவணைகளின்படி இதில் பாஸ்பரஸ் சுமார் 550 கிராமும், கால்சியம் வெறும் 135 கிராம் அளவிலும் இருக்கும். சுண்ணாம்புக்கல் தூளில் 38 விழுக்காடு கால்சியம் இருப்பதால், அதில் 2 கிலோ சேர்த்தால் 760 கிராம் கால்சியம் கூடி, மொத்தம் ஏறக்குறைய 900 கிராம் ஆகிறது. பாஸ்பரஸைப் போல் 1.6 மடங்கு வந்துவிட்டது. இதோடு சாதாரண உப்பு 1 கிலோ. இந்தக் கலவையில் தாமிரம் கிலோவுக்கு 12 மில்லிகிராம் அளவில் நிற்கும். அதே இடத்தில் பி.கே.சி.யை 80 கிலோவாக்கினால் தாமிரம் 20 மில்லிகிராமைத் தாண்டும்.

சுண்ணாம்புக்கல் தூள் என்பது தீவனத் தரத்தில் விற்பது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். தோட்டத்தில் மண்ணுக்குப் போடும் டோலமைட்டும் கூடாது. அதில் மக்னீசியம் மிகுதி, மக்னீசியம் மிகுந்தால் சிறுநீர்க்கல் கூடும்.

துத்தநாகம், கோபால்ட், செலினியம், அயோடின், மாங்கனீசு ஆகிய நுண்தாதுக்களை நாமே தனித்தனியாக வாங்கி எடைபோட முயலக் கூடாது. சமையலறைத் தராசில் பிடிபடாத அளவுகள் அவை. செம்மறிக்கென்றே செய்த, தாமிரம் சேர்க்காத தாதுக் கலவையைத்தான் வாங்க வேண்டும். பொட்டலத்தில் ‘லெம்பு, காம்பிங், பெபிரி’ (மாடு, வெள்ளாடு, செம்மறி) என்று மூன்று விலங்கின் பெயரும் அச்சாகியிருப்பதைப் பார்த்து நம்பிவிடாமல், பின்பக்க அட்டவணையில் ‘குப்ரும்’ அல்லது ‘காப்பர்’ என்ற வரியைத் தேட வேண்டும். ஒரு கிலோ கலவையில் 1000 மில்லிகிராம் தாமிரம் என்று போட்டிருந்தால், 100 கிலோ தீவனத்துக்கு 1 கிலோ கலந்தவுடன் தீவனத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 மில்லிகிராம் தாமிரம் கூடிவிடுகிறது என்று பொருள். பி.கே.சி.யிலிருந்து வருவதோடு சேர்த்தால் அது எல்லையைத் தாண்டிவிடும். “அண்ணே, செம்மறிக்குன்னு தனியா இருக்கா, தாமிரம் போடாதது?” என்று கடையில் வெளிப்படையாகக் கேளுங்கள். இல்லை என்றால், மாட்டுக் கலவையை வாங்குவதைவிட வெறும் உப்போடும் சுண்ணாம்புக்கல் தூளோடும் நிறுத்திக்கொள்வதே மேல்.

கலக்கும்போது தாதுத் தூளை நேராக 100 கிலோவில் கொட்டினால் ஒரு மூலையிலேயே தங்கிவிடும். முதலில் அதை 2 கிலோ சோளத் தூளில் பிசறி, பிறகு அதை 10 கிலோவில் கலந்து, கடைசியில் முழுக் குவியலில் சேர்த்து மண்வெட்டியால் பலமுறை புரட்ட வேண்டும்.

உப்புக்கட்டி தொங்கவிடுவோர், நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் அது கரைந்து ஒழுகாதபடி கூரைக்கு உள்ளே தள்ளித் தொங்கவிட வேண்டும். பால்குடி மறந்த சின்னக் குட்டிகள் கட்டியை நக்கிப் போதிய அளவு பெறுவதில்லை; பி.வி.சி. குழாயைப் பாதியாக அறுத்து அதில் உதிரித் தூளாக வைத்தால் நன்றாக எடுத்துக்கொள்கின்றன. எப்படிக் கொடுத்தாலும் தண்ணீர் நாள் முழுவதும் இருக்க வேண்டும். உப்பும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்தால் உப்பே நஞ்சாகும், கிடாய்க்குக் கல்லும் அடைக்கும். கல் தொல்லை தொடர்ந்து வரும் கொட்டகைகளில் தீவனத்தில் 0.5 விழுக்காடு அம்மோனியம் குளோரைடு சேர்ப்பதுண்டு; அதையும் மருத்துவரைக் கேட்டே செய்க.

வளர்ச்சியில் எந்தத் தாது என்ன செய்கிறது

கோபால்ட்டைக் கொண்டுதான் ஆட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பி12 ஊட்டச்சத்தை (வைட்டமின் பி12) செய்கின்றன. அது இல்லாமல் குட்டியால் தீவனத்திலிருந்து ஆற்றலைப் பெற முடியாது. புல் நிறையக் கிடந்தாலும் தின்ன மனமில்லாமல், கண்ணில் நீர் வடிய, ரோமம் மங்கி மெலியும். கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் போதும். துத்தநாகம் தோலுக்கும் குளம்புக்கும் கிடாயின் விரை வளர்ச்சிக்கும் வேண்டும்; கால்சியத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் துத்தநாகம் உடலில் ஏறாது, ஆகையால் சுண்ணாம்புக்கல் தூளையும் கணக்கோடுதான் சேர்க்க வேண்டும். அயோடின் குறைந்தால் பிறக்கும் குட்டியின் தொண்டையில் கட்டி தெரியும். தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம் வேறு. அது பெரும்பாலும் குடற்புழுவால் இரத்தம் வற்றியதன் அடையாளம்.

குடற்புழுவைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஈரமும் வெப்பமும் நிறைந்த நம் மேய்ச்சலில், வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கும் வரை எந்தத் தாது உப்பும் பலன் தராது. கீழ் இமையை விலக்கிப் பார்க்கும்போது உட்புறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால், முதலில் புழுக்கையைச் சோதித்துப் புழு மருந்து கொடுத்த பிறகே தாதுக் கலவையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கறியின் தரம்

வாங்குபவர் பார்ப்பது நிறம், நீர் கசிவு, மென்மை, நாற்றம். இவற்றில் தாது உப்பின் பங்கு பலர் விளம்பரப்படுத்தும் அளவுக்குப் பெரிதல்ல, ஆனால் இல்லாமலும் இல்லை. இரும்பும் துத்தநாகமும் தீவனத்தில் கூடினாலும் தசையில் அவற்றின் அளவை உடலே ஒரு கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது. ஆகவே அவற்றைக் கூட்டிக் கொடுத்துக் கறியைச் சத்தாக்கலாம் என்பது பொய்க் கணக்கு. செலினியம் அப்படியல்ல. ஈஸ்டில் ஏற்றிய செலினியம் கொடுத்தால் கறியிலும் அது கூடுகிறது. ஈ ஊட்டச்சத்தோடு (வைட்டமின் ஈ) சேர்ந்து தசையணுக்களின் சுவரைக் காக்கிறது. இரண்டும் மிகவும் குறைந்த குட்டிக்குத் தசை வெளுத்து, விறைத்த நடை வரும்; அறுத்தால் கறியில் வெள்ளைக் கோடுகள் ஓடியிருக்கும்.

ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகியது. தேவை கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம், அமெரிக்காவில் தீவனத்தில் சேர்க்க அனுமதிப்பதே 0.3 மில்லிகிராம் வரைதான். கலவையில் செலினியம் இருக்கும்போது ஊசியாகவும் போடுவது ஆபத்து.

கறியின் சிவப்பு நிறம் கடையில் கறுத்துப் போகாமல் நிற்பதற்கு ஈ ஊட்டச்சத்துதான் முதன்மையானது. அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பச்சைப் புல்லில் அது நிறைந்திருக்கிறது. விற்பதற்கு முந்திய வாரங்களில் சதை போடட்டும் என்று புல்லை நிறுத்திவிட்டு அடர்தீவனத்தை மட்டும் கொட்டும் பழக்கம் இங்கே பரவலாக உள்ளது. கறியின் நிறத்துக்கும் தாமிரக் கணக்குக்கும் அந்தப் பழக்கம் இரட்டைக் கேடு. கடைசி நாள் வரை அன்றன்று அறுத்த புல் தொட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று, தசையில் சேமித்த சர்க்கரைச் சத்து. அறுத்த பின் அது அமிலமாக மாறி, 24 மணி நேரத்தில் கறியின் அமிலக் குறியீடு (பி.எச்.) 5.4 முதல் 5.8 வரை இறங்கினால்தான் கறி நல்ல நிறத்தோடு இருக்கும், விரைவில் கெடாது. விரட்டிப் பிடித்து, வெயிலில் கட்டி, பட்டினி போட்டு ஏற்றிச் சென்ற ஆட்டில் அந்தச் சத்து முன்பே எரிந்துபோய், கறி கறுத்து இறுகிப் பிசுபிசுக்கும். எந்தத் தாது உப்பும் அதைத் திருத்தாது. முதல் நாளே கொண்டு போய், தண்ணீர் வைத்து, பழகிய ஆடுகளோடு சேர்த்து ஓய்வாக நிற்கவிடுவது எந்தப் பொட்டலத்தையும்விட நல்ல பலன் தரும்.

பலன் தருகிறதா என்று பார்ப்பது

ஒரே வயது, ஒத்த எடையுள்ள குட்டிகளை இரண்டு அறைகளாகப் பிரித்து, ஒரே புல், ஒரே அடர்தீவனம் கொடுத்து, ஓர் அறைக்கு மட்டும் தாதுக் கலவை சேர்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் தீவனம் வைப்பதற்கு முன், தொங்கு தராசில் எடை எடுத்து நோட்டில் எழுத வேண்டும். எட்டு வாரம் கழித்து, கூடிய எடையை நாள்களால் வகுத்து, கிடைத்த கூடுதல் கிலோவின் விலையைக் கலவைக்குச் செலவழித்த ரிங்கிட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு இல்லை என்றால் உங்கள் தீவனத்தில் அந்தத் தாது ஏற்கெனவே இருக்கிறது; உப்பையும் சுண்ணாம்புக்கல் தூளையும் மட்டும் தொடருங்கள்.

நெடுநாள் பி.கே.சி. தின்ற செம்மறியை அறுக்கும்போது ஈரலைக் கவனித்துப் பாருங்கள். தாமிரம் கறியில் சேர்வதில்லை, ஈரலில்தான் சேர்கிறது. ஈரல் மஞ்சளாகவோ, தொட்டால் உதிர்வதாகவோ இருந்தால் அதை வறுவலுக்கு எடுக்காமல் ஒதுக்கிவிட்டு, மீதி மந்தையின் பி.கே.சி.யை அன்றே குறைத்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளான ஆட்டை, “செத்துப் போவதற்குள் அறுத்துவிடலாம்” என்று யார் சொன்னாலும் உணவுக்காக அறுக்கக் கூடாது.